உடம்பில் தண்ணீர் இருக்கிறது, எந்த இடத்தில்?

மனித உடம்பில் அறுபது எழுபது சதவீதம் தண்ணீர்தான் என்று எல்லாரும் படித்திருக்கிறோம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற அறிவுரையும் வந்துவிடும். நான் செவிலியர். மெடிக்கல் வார்டிலும் டயாலிசிஸ் யூனிட்டிலுமாக என் காலம் போயிருக்கிறது. எங்கள் வேலையில் பெரும்பங்கு தண்ணீர்க் கணக்குதான். வாய் வழியாக எவ்வளவு போனது, ஊசி வழியாக எவ்வளவு ஏறியது, யூரின் பையில் எவ்வளவு இறங்கியது என்று கட்டிலின் காலடியில் தொங்கும் சார்ட்டில் எழுதிக்கொண்டே இருப்போம். அப்படி எழுதி எழுதி எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. மொத்தத் தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, அது உடம்பின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதுதான் ஒரு நோயாளியின் கதியைத் தீர்மானிக்கிறது. ஒரு சொட்டுகூட வெளியே போகாமல், உள்ளேயே இடம் மாறியதால் மட்டும் ஆள் ஆபத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு இல்லாமல் இதைச் சொன்னால் பயமுறுத்தல் மட்டும்தான் மிஞ்சும்.

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். அவர் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் 28 லிட்டர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, செல்களுக்குள்ளே இருக்கிறது. மீதி 14 லிட்டர் செல்களுக்கு வெளியே. அந்த 14-இலும் பத்தரை, பதினோரு லிட்டர் செல்களுக்கு இடையிலிருக்கும் சந்துகளில் கிடக்கிறது. ரத்தக் குழாய்களுக்குள் பிளாஸ்மாவாக, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியாக, ஓடுவது மூன்று, மூன்றரை லிட்டர்தான். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள திரவம், கண்ணுக்குள் இருப்பது, மூட்டுகளில் வழுவழுப்புக்காக இருப்பது, நுரையீரலின் உறையிலும் வயிற்றின் உறையிலும் இருக்கும் ஈரம் இதெல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வரும்.

ரத்தம் ஐந்து லிட்டர் என்றுதானே சொல்வார்கள் என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அதில் இரண்டு லிட்டருக்கு அருகில் சிவப்பணுக்கள். அவையும் செல்கள்தான், அவற்றுக்குள் இருக்கும் தண்ணீர் செல்களுக்குள் இருக்கும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே 42 லிட்டரில் இதயம் நேரடியாகக் கையாள்வது அந்த மூன்று லிட்டர் சொச்சத்தைத்தான். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன என்றால், இதே மூன்று லிட்டரைத் திரும்பத் திரும்ப அறுபது தடவை வடிகட்டுகின்றன என்று பொருள்.

இந்த அளவு எல்லாருக்கும் ஒன்றல்ல. தசையில் முக்கால் பங்கு தண்ணீர், கொழுப்பில் மிகக் குறைவு. அதனால் பெண்களுக்கு எடையில் பாதியை ஒட்டியும், வயதானவர்களுக்கு இளமையில் இருந்ததைவிடக் குறைவாகவும் இருக்கும். பிறந்த குழந்தைக்கு முக்கால் பங்கு தண்ணீர். அதோடு, குழந்தைக்குச் செல்களுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது அதிகம். பிறந்த முதல் சில நாளில் குழந்தையின் எடை கொஞ்சம் இறங்குவதைப் பார்த்துப் பாட்டிமார்கள் பால் பத்தவில்லை என்று தாயைக் குறை சொல்வார்கள். அந்த எடை பெரும்பாலும் செல்களுக்கு வெளியே இருந்த உபரித் தண்ணீர் போவதுதான். பத்து சதவீதத்துக்குள் இறங்கினால் இயல்பு. அதற்கு மேலே போனால்தான் பார்க்க வேண்டும். இதைத் தாய்மாரிடம் சொல்வதை என் கடமையாகவே வைத்திருக்கிறேன்.

சரி, இதையெல்லாம் எப்படி அளந்தார்கள்? உயிரோடிருக்கும் மனிதரைப் பிழிந்தா பார்க்க முடியும்? ஒரு பொருளை இவ்வளவு என்று அளந்து உள்ளே அனுப்பி, அது பரவி முடிந்த பிறகு எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு தண்ணீரில் கலந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். 1934-இல் ஜார்ஜ் டி ஹெவெசி, ஹோஃபர் என்ற இரு விஞ்ஞானிகள் கனநீரை, அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீரை, வைத்து இதைச் செய்தார்கள். கனமான ஹைட்ரஜனை ஹரால்டு யூரி கண்டுபிடித்து அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. கனநீர் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து, சிறுநீரில் அது எவ்வளவு வருகிறது என்று நாள்கணக்கில் பார்த்தார்கள். உடம்புக்குள் போகும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சராசரியாகச் சுமார் 13 நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியேறுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

கனநீர் எல்லா இடத்துக்கும் போகும், அதனால் மொத்தத் தண்ணீரைச் சொல்லும். செல்லுக்குள் நுழைய முடியாத இன்யூலின் என்ற மாவுப்பொருளை ஏற்றினால் செல்களுக்கு வெளியே உள்ள அளவு கிடைக்கும். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஈவான்ஸ் நீலச் சாயம் பிளாஸ்மாவின் அளவைக் காட்டும். மற்ற இரண்டுக்கும், அதாவது செல்களுக்குள் உள்ளதற்கும் செல்களுக்கு இடையே உள்ளதற்கும், இப்படி நேரடியாக அளக்க வழி இல்லை. மொத்தத்திலிருந்து கழித்துத்தான் தெரிந்துகொள்கிறோம். உடம்பின் இரண்டு பெரிய நீர்ப்பகுதிகளும் கழித்தல் கணக்கில் வந்த விடைகள். நர்சிங் படிக்கும்போது இதைக் கேட்டு வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

பகுதிகள் மூன்று என்றால் நடுவே சுவர்கள் இரண்டு. இந்தச் சுவர்களைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதல் சுவர் செல்லின் சவ்வு. தண்ணீர் இதைத் தாராளமாகக் கடக்கும். உப்புகளால் அப்படிக் கடக்க முடியாது. செல்லுக்கு வெளியே சோடியம் 140 அளவில் இருந்தால் உள்ளே பத்து, பதினைந்துதான். பொட்டாசியம் நேர் எதிர், உள்ளே 140, வெளியே நான்கு. இந்த ஏற்றத்தாழ்வு சும்மா நிற்பதில்லை. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ இதை 1957-இல் நண்டின் நரம்பில் கண்டறிந்தார். நாற்பது வருடம் கழித்து 1997-இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் கணிசமான பங்கு இந்தப் பம்ப்புக்கே போகிறது. அது நின்றால் சோடியம் உள்ளே வரும், பின்னாலேயே தண்ணீர் வரும், செல் ஊதிவிடும். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும் என்பது இந்தச் சுவரின் சட்டம்.

இரண்டாவது சுவர் தந்துகி எனப்படும் மிக நுண்ணிய ரத்தக் குழாயின் சுவர். இங்கே சட்டம் வேறு. உப்பும் தண்ணீரும் இரண்டுமே கடக்கும். புரதத்தால்தான் எளிதில் கடக்க முடியாது. உள்ளே இருக்கும் ரத்த அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, ஆல்புமின் அதை உள்ளே பிடித்து வைக்கிறது. இந்த இழுபறியை எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-இல் விளக்கினார். அதன் பின்னர் படம் கொஞ்சம் மாறியிருக்கிறது. வெளியே கசிந்த தண்ணீர் அதே தந்துகியின் மறுமுனையில் திரும்பி உள்ளே வந்துவிடும் என்று முன்பு நினைத்தார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி வருவதில்லை, நிணநீர்க் குழாய்கள் வழியாகச் சுற்றிவந்துதான் ரத்தத்தில் சேர்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். தந்துகியின் உட்புறத்தில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, கிளைகோகேலிக்ஸ் என்று பெயர். புரதத்தைத் தடுத்து நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டெங்குவில் திரும்ப வரும்.

இப்போது வார்டுக்கு வருவோம். ‘ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க சிஸ்டர், தெம்பா இருக்கும்’ என்று கேட்காத நாள் கிடையாது. அந்தப் பாட்டில் 500 மில்லி, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். அதில் இருக்கும் சர்க்கரை 25 கிராம். இரண்டு இட்லி சாப்பிட்டால் கிடைக்கும் சக்திதான் அதில் இருக்கிறது. சர்க்கரையைச் செல்கள் எரித்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். வெறும் தண்ணீருக்கு எந்தச் சுவரும் தடையில்லை, எனவே அது 42 லிட்டரிலும் சமமாகப் பரவும். மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் போய்விடும். ரத்தக் குழாயில் கடைசியில் தங்குவது 40 மில்லி அளவுதான்.

அதே 500 மில்லி நார்மல் சலைன் என்றால் கதை வேறு. லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு. சோடியம் செல்லுக்குள் போகாது, அதனால் தண்ணீரும் போகாது. செல்லுக்கு வெளியேயுள்ள பகுதியில் மட்டும் பரவி, கடைசியில் முக்கால் பங்கு சந்துகளுக்கும் கால் பங்கு ரத்தக் குழாய்க்குமாகப் பிரியும். ஏற்றிய முதல் அரை மணி நேரத்தில் ரத்தத்தில் இதைவிட அதிகமாகவே இருக்கும், பிறகுதான் மெல்ல வெளியேறும். ஆர்.எல். என்று நாங்கள் சொல்லும் ரிங்கர் லாக்டேட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான். பிரஷர் இறங்கிய ஆளுக்கு டாக்டர் ஏன் ‘குளுக்கோஸ்’ போடாமல் சலைனோ ஆர்.எல்.லோ போடச் சொல்கிறார் என்பதற்கு விடை இதுவே. ஒரே அளவு பாட்டில்கள், ஒரே நிறம், ஒரே கம்பியில் தொங்குகின்றன. போய்ச் சேரும் ஊர்தான் வேறு.

இந்த அறிவு எளிதில் வந்துவிடவில்லை. 1831-32-இல் பிரிட்டனில் காலரா பரவியபோது, வில்லியம் ஓ’ஷாக்னெஸி என்ற இளம் டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் தண்ணீரும் உப்பும் குறைந்துபோயிருப்பதைச் சொன்னார். ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா அதைப் படித்துவிட்டு உப்பு நீரை ரத்தக் குழாயில் ஏற்றினார். செத்துப்போவார்கள் என்று கைவிட்டவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். காலராவில் போவது செல்லுக்கு வெளியே இருக்கும் உப்பும் தண்ணீரும், அதை அதே உப்போடு திருப்பித் தர வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் ரொம்ப காலம் அது மறந்தும் போனது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பொன்காவ் அகதி முகாமில் ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். சாவு விகிதம் முப்பது சதவீதத்திலிருந்து நான்குக்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே நுழையும், கூடவே தண்ணீர் நுழையும். வயிற்றுப்போக்கில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுப்பதற்கும் ஓ.ஆர்.எஸ். கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சோடியம்தான். அது கூடப் போனால்தான் தண்ணீர் வெளிப்பகுதியில் தங்கும்.

வெறும் தண்ணீர் செல்லுக்குள் போகும் என்றேன். அது அதிகமாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வார்டில் அடிக்கடி வரும் ஒரு நிலை உண்டு. ‘உப்பு குறைஞ்சிருச்சு’ என்று வீட்டார் சொல்வார்கள். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவை இரண்டு நாளாகக் குழப்பமாகப் பேசுகிறார் என்று கொண்டுவந்திருந்தார்கள். பிரஷருக்குச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். சாப்பாடு சரியாக இறங்காததால் கஞ்சித் தண்ணியும் வெந்நீருமாகவே குடித்திருக்கிறார். சோடியம் 112. இருக்க வேண்டியது 135-க்கு மேல். அவர் மகள் என்னிடம், “அம்மா உப்பே கம்மியாத்தான் போட்டுக்குவாங்க சிஸ்டர், அதான் குறைஞ்சிருச்சு. மோர்ல உப்பு தூக்கலாப் போட்டுக் குடுக்கட்டுமா?” என்று கேட்டார். “டாக்டர் தண்ணியைத்தான் குறைக்கச் சொல்லியிருக்காருக்கா” என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உப்புக் குறைந்தால் தண்ணீரை ஏன் குறைக்க வேண்டும்?

ரிப்போர்ட்டில் வரும் அந்த எண், உடம்பில் உப்பு மொத்தம் எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் திரவத்துக்கு எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. உப்பு கொஞ்சம் போய், அதைவிட அதிகமாகத் தண்ணீர் சேர்ந்தாலும் எண் இறங்கும். வெளியே உப்பு நீர்த்துப்போனால் முதல் சுவரின் சட்டப்படி தண்ணீர் செல்லுக்குள் போகும். கையிலோ காலிலோ உள்ள செல் கொஞ்சம் ஊதினால் ஒன்றும் தெரியாது. மூளை இருப்பது மண்டையோட்டுக்குள், அங்கே ஊதுவதற்கு இடமில்லை. குழப்பம், வாந்தி, மயக்கம், கடைசியில் வலிப்பு. அந்த அம்மாவுக்குக் கால் வீக்கம் கிடையாது, முகம் வீங்கவில்லை, தொட்டுப் பார்த்தால் எதுவுமே தெரியாது. உபரித் தண்ணீரில் பெரும்பகுதி செல்களுக்குள் இருந்தது.

இதைச் சரிசெய்வதில் அவசரம் கூடாது. வலிப்பு வந்துவிட்டால் 3 சதவீத சலைன் கொஞ்சம் ஏற்றுவார்கள், மற்றபடி ஒரு நாளைக்கு எட்டு, பத்துக்கு மேல் எண்ணை ஏறவிட மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் ஊறியிருக்கும் மூளைச் செல்கள், தங்களிடமிருந்த சில பொருட்களை வெளியே தள்ளிச் சமாளித்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் வெளியே உப்பைத் திடீரென்று கூட்டினால் செல்லிலிருந்து தண்ணீர் விருட்டென்று வெளியேறி, நரம்பின் உறை கெட்டுப்போகும். பல நேரம் பிறகு அதைத் திருப்ப முடியாது. ‘எண் ஏறவே மாட்டேங்குது, வேகமா ஏத்துங்க’ என்று சத்தம் போடும் உறவினர்களிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். சொல்லாமல் விடுவதில்தான் சண்டை வருகிறது.

டயாலிசிஸ் யூனிட்டில் பிரச்சினை இரண்டாவது சுவரில். அங்கே வருபவர்களின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்போம். விரலை எடுத்தால் குழி விழுந்து நிற்கும், மெல்ல மெல்லத்தான் நிரம்பும். சாதாரணமாக நம் காலில் அப்படி விழாது. செல்களுக்கு இடையே இருக்கும் பத்து லிட்டரும் கொழகொழவென்று ஜெல்லாகப் பிடிபட்டிருப்பதால் அழுத்தினாலும் நகராது, நாம் எழுந்து நின்றாலும் கீழே வழிந்து பாதத்தில் சேராது. அந்த ஜெல் கொள்ளும் அளவு நிறைந்த பிறகுதான் தண்ணீர் கட்டவிழ்ந்து ஓடத் தொடங்கும். குழி விழும் நிலை வருவதற்குள் இரண்டு மூன்று லிட்டர் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ‘நேத்துதான் சிஸ்டர் வீங்குச்சு’ என்பார்கள். கண்ணுக்குத் தெரிந்தது நேற்று, சேர ஆரம்பித்தது அதற்கும் முன்னால்.

மூன்று கிலோ கூடுதலாக வந்தவருக்கு நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் எடுக்க வேண்டும். மெஷினுக்கு எட்டுவது ரத்தம் மட்டும்தான். மூன்று லிட்டர் என்பது முழு பிளாஸ்மாவின் அளவு. மெஷின் எடுக்க எடுக்கச் சந்துகளிலிருந்து தண்ணீர் ரத்தத்துக்குள் வந்து நிரப்பினால்தான் தாங்கும். அந்த வரத்து மெதுவானது, ஆல்புமின் குறைந்தவர்களுக்கு இன்னும் மெதுவானது. எடுப்பது வேகமாகிவிட்டால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், வியர்க்கும், பிரஷர் எண்பதுக்குப் போய்விடும். கால் அப்போதும் வீங்கித்தான் இருக்கும். ஏரி தளும்பி நிற்கும்போதே வாய்க்கால் காய்ந்துபோகும் நிலை இது. கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பதும், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பதும் இதனால்தான். வெயில் காலத்தில் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு நாளைக் கழிப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பொறுமைக்கு முன்னால் நான் சொல்ல எதுவும் இல்லை.

இனி டெங்கு. எனக்கு மனதில் மிகவும் பாரமாக இருக்கும் நோய் இதுதான். டெங்கு போன்ற காய்ச்சல் மதராஸில் 1780-லேயே பதிவாகியிருக்கிறது என்பார்கள், ஆக நமக்குப் புதிய விருந்தாளி கிடையாது. ஐப்பசி மழை பிடித்ததும் வார்டு நிரம்பிவிடும். வருபவர்கள் எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: “பிளேட்லெட் எவ்ளோ சிஸ்டர்?” காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண், நடுவில் பப்பாளி இலைச் சாறு. எண் எழுபதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் ஆனால் வீடே அழுகிறது. ரத்தக் கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதால் பலனில்லை என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஆனாலும் ரத்த வங்கிக்கு ஓடுவது நிற்கவில்லை. டெங்குவில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் பிளேட்லெட் இறங்குவது கிடையாது. பிளாஸ்மா ஒழுகுவது.

நாங்கள் பார்க்கும் எண் வேறு. பி.சி.வி. என்று சொல்வோம், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது. இப்போது மெஷினே எண்ணைத் தந்துவிடுகிறது. பழைய முறையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஊசி போல மெலிந்த கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையை அடைத்து, சுழலும் கருவியில் வைத்துச் சில நிமிடம் சுற்றுவார்கள். எடுத்துப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள் படிந்திருக்கும், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. டெங்குக்காரரின் குழாயைக் காலையும் மாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிவப்பு உயர்ந்திருக்கும், மஞ்சள் சுருங்கியிருக்கும். சிவப்பணுக்கள் கூடவில்லை. பிளாஸ்மா எங்கோ போய்விட்டது.

எங்கே? தந்துகிச் சுவர் வழியாக வெளியே. டெங்கு வைரஸ் ரத்தத்தில் விடும் என்.எஸ்.1 என்ற புரதம், நாம் முன்பு பார்த்த அந்த கிளைகோகேலிக்ஸ் பூச்சைச் சிதைக்கிறது என்று 2015 வாக்கில் வந்த ஆய்வுகள் காட்டின. நம் உடம்பின் எதிர்ப்பு வினையும் சேர்ந்துகொள்கிறது. ஆல்புமின் ஒழுகுகிறது, அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் பின்னாலேயே போகிறது. நுரையீரலின் உறையிலும் வயிற்றுக்குள்ளும் போய்த் தேங்குகிறது. சாதாரண நாளில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருக்கும் அந்த இடங்களில் இப்போது ஸ்கேனில் தண்ணீர் தெரியும்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், காய்ச்சலின் ஐந்தாம் நாள். அன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. இட்லி சாப்பிட்டான். அவன் அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது, டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்டுவிட்டார். டெங்குவில் எங்களுக்குப் பயம் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். காய்ச்சல் விடும் தருணத்தை ஒட்டித்தான் ஒழுக்கு உச்சத்துக்குப் போகும். மத்தியானம் போய்க் கையைத் தொட்டேன், உள்ளங்கை சில்லென்று இருந்தது. “வயிறு வலிக்குது சிஸ்டர்” என்றான். பிரஷர் 100-க்கு 80. மேல் எண்ணை மட்டும் கேட்பவர்களுக்கு நூறு என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இரண்டுக்கும் இடைவெளி இருபதுதான். குழாய்க்குள் திரவம் குறைந்து, உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சேர்த்த அன்று பி.சி.வி. 38. இப்போது 46. காலையிலிருந்து யூரின் சரியாகப் போகவில்லை.

அந்த 38-ஐயும் 46-ஐயும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம், நடுவில் எதுவும் ஏற்றவில்லை. 38 சதவீதம் என்றால் சிவப்பணுக்கள் 1.9 லிட்டர், பிளாஸ்மா 3.1 லிட்டர். அதே 1.9 லிட்டர் இப்போது 46 சதவீதம் என்றால் மொத்த ரத்தம் 4.1 லிட்டராகச் சுருங்கியிருக்கிறது, பிளாஸ்மா 2.2-தான். குழாயிலிருந்து போனது ஒரு லிட்டருக்கும் கீழே. 42 லிட்டரில் ஒரு லிட்டர்கூட இல்லை. அதுவும் வெளியே எங்கும் போகவில்லை, தராசில் நிறுத்தினால் எடை அப்படியே இருக்கும். ஆனால் இதயம் சுற்றிவிட வைத்திருந்த மூன்று லிட்டரில் அது கால் பங்குக்கும் மேல். பையன் ஷாக்கின், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் நிலையின், வாசலில் இருந்தான்.

டாக்டர் வந்து ஆர்.எல். தொடங்கச் சொன்னார், முதல் ஒரு மணி நேரம் வேகமாக, பிறகு படிப்படியாகக் குறைத்து. கால் மணிக்கு ஒரு தடவை பல்ஸ், பிரஷர், கை கால் சூடு. மணிக்கு ஒரு தடவை யூரின் அளவு. கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி வந்தால் போதும், அறுபது கிலோ பையனுக்கு முப்பது மில்லி. அதற்கு மேல் வர வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. சுவர் ஒழுகும்போது ஏற்றுவதில் பெரும்பகுதியும் ஒழுகும், நெஞ்சிலும் வயிற்றிலும் போய்ச் சேரும். குறைத்தால் ஷாக், கூட்டினால் மூச்சுத் திணறல். ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் பாதை ரொம்பக் குறுகலானது. அதில் நடத்திப்போக விலையுயர்ந்த மருந்தோ கருவியோ தேவையில்லை. ஒரு பாட்டில், ஒரு கடிகாரம், யூரின் அளக்கும் குடுவை, ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு ஆள். இவ்வளவு போதும். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஒரு வார்டில் நாற்பது பேருக்கு இரண்டு செவிலியர் என்றால் கால் மணிக்கு ஒரு தடவை யாரைப் பார்ப்பது என்ற கேள்வியையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒழுக்கு ஓயாமல் நீடிப்பதில்லை. 24-இலிருந்து 48 மணி நேரத்தில் நின்றுவிடும். எந்த மருந்தும் அதை அடைப்பதில்லை, சுவர் தானே சரியாகிவிடுகிறது. அந்தப் பொழுதைத் தாண்ட வைப்பதுதான் சிகிச்சை. நின்ற பிறகு, வெளியே போன தண்ணீர் மெல்லக் குழாய்க்குள் திரும்ப ஆரம்பிக்கும். இரண்டாவது ஆபத்து அப்போது இருக்கிறது. ஏற்கெனவே ஒரு வரத்து உள்ளே இருக்கும்போது பாட்டிலும் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரல் நிரம்பிவிடும். ஆகவே பல்ஸ் திடமாகி, பி.சி.வி. இறங்கி, யூரின் தாராளமாக வர ஆரம்பித்ததும் ட்ரிப்ஸை நிறுத்துவார்கள். வீட்டாருக்கு இதைத்தான் ஜீரணிக்க முடிவதில்லை. ஆள் இன்னும் சோர்வாகப் படுத்திருக்கிறான், பாட்டிலைக் கழற்றுகிறார்களே என்று பதறுவார்கள். கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று புகார் வருவதும் அந்த நாளில்தான்.

அந்தப் பையனுக்கு ஏழாம் நாள் காலையில் நிறுத்தினோம். பி.சி.வி. 37. உள்ளங்கையும் பாதமும் அரிக்கிறது என்றான், காலில் சிவந்த தடிப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். தேறி வருபவர்களுக்கு வரும் அரிப்பு அது. அவன் அம்மா இரண்டு தடவை வந்து பாட்டில் மாட்டச் சொல்லிக் கேட்டார், அப்புறம் சார்ட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். உள்ளே போனது என்ற பத்தியில் இரண்டு இளநீரும் கொஞ்சம் கஞ்சியும்தான். வெளியே வந்தது என்ற பத்தியில் அதைப்போல மூன்று மடங்கு.

“எதுவும் ஏத்தாம இவ்வளவு எப்படி சிஸ்டர் போகுது?”

“முந்தாநாள் ஏத்தினதுதான்க்கா. இப்பத்தான் திரும்பி வருது.”